ஒன்றாம் நம்பர் பாட்டில்

அத்தியாயம் 17

மனித குலத்தின் வரலாறு என்பது குழாய்களின் வரலாறே.

அரசலாங்கரைக் கடைத்தெருவில் 'கல்ஃப் பைப் ஹவுஸ்' வாசலில் இந்த வாசகம் மூன்றடிக்கு ஐந்தடிப் பலகையில் பச்சை எழுத்தில் தொங்கியது. கீழே, சொன்னவர் பெயர்: அல்ஹாஜ் மீரா உசேன், ஷார்ஜா. பலகைக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் குடம். கடைக்குக் குழாய் இணைப்பு கிடையாது. எதிர் டீக்கடையிலிருந்து குடத்தில்தான் தண்ணீர் வரும்.

ஷார்ஜாவில் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை இதுவரை நாம் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறோம். மூன்றிலும் ஒரு குழாய்க் கம்பெனி உண்டு. அவருக்கு அதில் கொடுக்கப்பட்ட நாற்காலி மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயர்ந்துகொண்டே போனது. திரும்பி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. போன மார்ச்சில் ஹஜ்ஜும் முடித்து வந்ததில் பலகையில் 'அல்ஹாஜ்' சேர்ந்தது. ஆனால் ஊருக்குக் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் போடும் திட்டம் வந்தபோது, எந்தக் குழாய் நல்லது என்று அவரை யாரும் கேட்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கத் தஞ்சாவூரில் ஒரு ஆலோசனைக் கம்பெனிக்கு வேலை கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி அனுப்பிய இரண்டு இன்ஜினீயர்களில் ஒருத்தி, அவருடைய சொந்த மகள் மர்யம்.

மர்யம் முதல் நாளே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்: என் அத்தா பைப் வியாபாரி, ஆகவே கடைசிக் கையெழுத்தை என்னோடு வரும் இன்ஜினீயர் செம்மொழி போடட்டும். இந்தக் கடிதத்தை மீரா உசேன் தனக்குக் கிடைத்த விளம்பரம் என்றே எடுத்துக்கொண்டார்.

சிக்கல் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் வந்தது.

"அப்படி என்னதான் பாக்குறீங்க ஒரு பைப்புல?" என்று அவர்தான் கேட்டார். "தண்ணி போகுதா, போகலயா. அவ்வளவுதானே."

"அது பிறந்த இடத்துலேருந்து பாக்கணும் அத்தா," என்றாள் மர்யம். "இரும்பு பைப்னா மலையை வெட்டி, கரியை எரிச்சு வருது. உங்க சாம்பக் கலர் பைப் எண்ணெய்லேருந்தும் உப்புலேருந்தும் வருது. லாரியில எத்தனை மைல் வருது, நம்ம ஊரு களிமண்ணு வெடிக்கும்போது எத்தனை வருஷம் தாங்கும், உடைஞ்சா எங்க போய்க் கிடக்கும், எரிச்சா என்ன புகை வரும். எல்லாத்துக்கும் மார்க் உண்டு."

"பைப்புக்கு ஜாதகம் பாக்குறீங்கன்னு சொல்லு."

"பாக்குறோம். சாக்கடைக்கு இப்போதைக்கு சுட்ட மண் குழாய்தான் முன்னால நிக்குது."

மீரா உசேன் ரசத்தை ஒதுக்கி வைத்தார். பானைக்குத் தம்பி முறையான ஒரு சாமான் தன் பைப்பை முந்துவதை அவரால் விழுங்க முடியவில்லை.

"குடிதண்ணிக்கு?"

"அது லேப் சொல்லணும். உங்க பைப் வெயில்ல விறைக்காம இருக்கக் காரீயம் சேக்குறாங்க. அது தண்ணியில கரைஞ்சு வருதான்னு பாக்கணும்."

"ஈயச் சொம்புல ரசம் வச்சுக் குடிச்ச ஊரும்மா இது."

"அது வெள்ளீயம் அத்தா. இது வேற. இது பெரியவங்களையே பாதிக்கும். வயித்துல புள்ள இருந்துச்சுன்னா முதல்ல அதுக்குத்தான் போகும்."

எதிரே உட்கார்ந்து அப்பளம் கடித்துக்கொண்டிருந்த மூத்தவள் அனீஸா, ஏழு மாத வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "சாப்பிடுற நேரத்துல இதெல்லாம் பேசணுமா," என்றாள். அவள் புருஷன் ஜாஃபர் சாதிக் துபாயில். அவள் அம்மா வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது.

பேச்சு அதோடு நின்றது. ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் நாலு பாட்டில் இருந்தது.

அது இருந்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். பேரூராட்சி அலுவலகத்தில் மூன்று துண்டு பைப்பை ஒரு பக்கம் அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்க நிற்க வைத்திருந்தார்கள். குடிநீர்த் திட்டத்துக்கான சோதனைக்குப் பேரூராட்சியில் தண்ணீர் இல்லை. இரண்டாவது வருஷமாகக் குறுவைச் சாகுபடியே இல்லாத ஊரில், அலுவலகக் குழாயில் காற்றுதான் வந்தது. கடைசியில் மர்யம் தன் வீட்டிலிருந்து ஒரு குடம் கொண்டுபோய் ஊற்றினாள். சாயங்காலம் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தபோது அங்கே கரண்டும் போய்விட்டது. பாட்டில்கள் ஒரு ராத்திரி குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஊரிலேயே பெரிய பிரிட்ஜ், ஷார்ஜாவிலிருந்து வந்த மீரா உசேனின் பிரிட்ஜ்.

மறுநாள் விடியற்காலை சுப்ஹு தொழுதுவிட்டு வந்தவர் அதைத் திறந்தார்.

நாலும் ஒரே மாதிரி அரை லிட்டர் பாட்டில். வெள்ளைத் தாளில் 1, 2, 3, 4 என்று எழுதி ஒட்டியிருந்தது. இதில் தன் பைப் எத்தனையாவது என்று அவர் யோசிக்கவே இல்லை. கடைத்தெருவில் முதல் கடை அவருடையது. ஜமாத் சந்தாப் பட்டியலில் முதல் பெயர். ஹஜ் குரூப் போட்டோவில் நடு நாற்காலி. ஒன்றாம் நம்பர் வேறு யாருடையதாக இருக்க முடியும்?

பக்கத்திலேயே ஜம்ஜம் தண்ணீர் பாட்டில் இருந்தது. அவர் மக்காவிலிருந்து கொண்டுவந்த கேனில் ஊருக்கெல்லாம் கொடுத்தது போக மிச்சம், முக்கால் பாட்டில்.

மனசு அவரோடு நியாயம் பேசியது. இதில் மோசடி எங்கே இருக்கிறது? இருக்கிற தண்ணீரை எடுத்துவிட்டு, அதைவிட மேலான தண்ணீரைத்தானே வைக்கிறோம். அவர் ஒன்றாம் நம்பரை ஒரு செம்பில் கவிழ்த்தார். பிஸ்மி சொல்லி ஜம்ஜம் தண்ணீரை அதில் ஊற்றி நிரப்பி மூடினார். இப்போது ஜம்ஜம் பாட்டிலில் மட்டம் இறங்கிவிட்டது. அவர் மனைவி சைத்தூன் பீவி அந்த மட்டத்தைக் கண்ணால் அளந்து வைத்திருப்பவர். வருகிற விருந்தாளிக்கு எத்தனை மடக்கு என்பதுகூட அவர் கணக்குத்தான். ஆகவே மீரா உசேன் செம்பிலிருந்த தண்ணீரை ஜம்ஜம் பாட்டிலில் ஊற்றி மட்டத்தைச் சரி பண்ணினார்.

பிறகு அந்தக் கலப்புத் தண்ணீரை எடுத்து எங்கேயாவது கொட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார். பசியாற இடியாப்பம் வந்தது. நினைப்பு போய்விட்டது.

காலை பத்தரை மணிக்கு அவர் கடையில் கீழ்வேளூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் பேச மாட்டேன். என் வீடு பேசும். முகப்புச் சுவத்துல மாடித் தொட்டியிலேருந்து ஒரு பைப் இறங்குது பாருங்க. சாம்பக் கலர். வீடு கட்டும்போது போட்டது. ஏழு வருஷம். ஒரு சொட்டு ஒழுகினதை யாராவது பாத்திருந்தா நான் கடையைப் பூட்டிட்டு மறுபடியும் பிளேன் ஏறிடுறேன்."

"செல்லதுரை கடையில கறுப்பு பைப்பைப் பாக்கச் சொல்றாங்களே," என்றார் கீழ்வேளூர்க்காரர்.

"அது பைப்பா? எருமை வாலுங்க. சுருட்டித் தோள்ல மாட்டிக்கிட்டுப் போறான். பைப்புன்னா நிமிந்து நிக்கணும்."

அப்போதுதான் அல்லா பிச்சை உள்ளே வந்தார். ஜமாத் செயலாளர். வழக்கமாகக் கைத்தடியைத் தரையில் ஊன்றி வருவார். இன்று அது கக்கத்தில் இருந்தது.

"ஹாஜியாரே, இங்க பாருங்க." அவர் வலது காலை மடக்கினார், நீட்டினார். "உங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அனீஸாவைப் பாத்து துஆ செஞ்சுட்டு வரலாம்னு. வீட்டம்மா ஒரு மடக்கு ஜம்ஜம் கொடுத்தாங்க. முட்டி எப்படி இருக்குங்கிறீங்க? எண்ணெய் போட்ட கீல் மாதிரி இருக்கு."

மீரா உசேன் கையிலிருந்த பைப் துண்டு மேஜையில் உருண்டது.

"எந்தப் பாட்டில்லேருந்து கொடுத்தா?"

"ஜம்ஜம் பாட்டில்லேருந்துதான். வேற எதுலேருந்து கொடுப்பாங்க? எனக்கு ஒரே மடக்கு. உங்க மகளுக்குத்தான் டம்ளர் நிறைய. ஏழாம் மாசம், மனசுல நல்லதை நினைச்சு நிய்யத் வச்சுக் குடின்னாங்க. புள்ள ஒரு சொட்டு வைக்கல."

வெளியே ஒரு டவுன் பஸ் போனது. அது போன பிறகும் மீரா உசேன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல்ல அதுக்குத்தான் போகும் என்று மர்யம் சொன்னது, அப்பளம் கடிக்கிற சத்தத்தோடு சேர்ந்து காதில் கேட்டது.

"நான் வீட்டுக்குப் போகணும்."

"நான் வந்து அந்தச் சுவத்துப் பைப்பைப் பாக்கட்டுமா?" என்றார் கீழ்வேளூர்க்காரர்.

"மெதுவா வாங்க. சாப்பிட்டுட்டு வாங்க."

டி.வி.எஸ். அவரை இரண்டு முறை உதைக்க வைத்து மூன்றாவது முறை கிளம்பியது.

அனீஸா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மாங்காய்க் கீற்றை உப்பில் தொட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வயிறு எப்படிம்மா இருக்கு?"

"பெருசா இருக்கு அத்தா."

"அது தெரியுது. புள்ள அசையுதா?"

"உங்களை மாதிரிதான். ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குது."

மீரா உசேன் அடுப்படிக்குப் போனார். விஷத்துக்குப் பால் நல்லது என்று எங்கோ கேட்டிருந்தார். எத்தனை என்று கேட்கவில்லை. ஆகவே இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டு வந்தார்.

"குடிம்மா."

"இப்பத்தான் புள்ள மாங்கா தின்னுது," என்றார் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சைத்தூன் பீவி. "மேல பாலா? காலையில ஒரு டம்ளர் ஜம்ஜம் வேற. வயிறா, தொட்டியா அது? ஏங்க, கடையை விட்டுட்டு இந்நேரத்துக்கு ஏன் வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. வெயிலு."

வெயிலுக்குக் கடையில் மின்விசிறி இருந்தது. சைத்தூன் பீவி அதைச் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

மர்யம் உள் அறையில் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்றார். நிலைக்கட்டையைத் தட்டிப் பார்த்தார். நல்ல கட்டை.

"மர்யம், ஒரு சந்தேகம். சும்மா. ஒரு கர்ப்பிணிப் பொண்ணு இருக்குன்னு வச்சுக்க."

"யாரு?"

"பொதுவா சொல்றேன். இந்தியாவுல எங்கேயோ."

"சரி."

"அது தெரியாத்தனமா, அந்தப் பைப்புல ஒரு நாள் ஊறுன தண்ணியை, ஒரு டம்ளர், அரை டம்ளர்னுகூட வச்சுக்க, குடிச்சுட்டா?"

மர்யம் பேனாவை மூடினாள். "அத்தா. அக்கா எதைக் குடிச்சா?"

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. செம்மொழி. அவள் பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஒரு மணி பஸ்ஸில் தஞ்சாவூர் போக வேண்டியவள். தோளில் தெர்மோகோல் பெட்டி தொங்கியது. பக்கத்துக் கிராமத்துக் காத்தானின் மகள். காத்தான் இதே வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய ஆள். மகள் இன்ஜினீயராகி வந்த முதல் நாள், மீரா உசேன் அவளுக்குப் பைப் என்றால் என்ன என்பதை அரை மணி நேரம் விளக்கியிருந்தார். அவள் முடிவில், "ஐயா, உங்க பைப்புல எழுதியிருக்கிற ஐ.எஸ்.ஐ. நம்பர்ல ஒரு எழுத்து கொறையுதே," என்று மட்டும் கேட்டாள்.

"அம்மா, பாட்டிலை எடுத்துக்கிறேன்," என்று அவள் பிரிட்ஜைத் திறந்தாள்.

மீரா உசேனுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று சுலபமானது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பாட்டில் பஸ் ஏறும். ஒன்றாம் நம்பரில் ஒரு குற்றமும் இல்லை என்று லேப் எழுதும். ஊர் முழுக்கத் தெருவெல்லாம் சாம்பல் பைப் போகும். யாருக்கும் தெரியாது. அனீஸாவை ஏதாவது சாக்குச் சொல்லி டாக்டரிடம் காட்டலாம். என்ன சோதனை பண்ண வேண்டும் என்று மட்டும் டாக்டருக்குச் சொல்ல முடியாது.

கூடத்திலிருந்து அனீஸா, "அத்தா, இந்தப் பாலை நீங்களே குடிச்சுடுங்க," என்றாள்.

"செம்மொழி, பெட்டியை மூடாதம்மா," என்றார் அவர்.

சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ஷார்ஜாவின் இருபத்தோரு வருஷக் கதையை மூன்று மணி நேரம் சொல்லக்கூடியவர், இதை ஏழெட்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சொல்லும்போது பிரிட்ஜின் கைப்பிடியைப் பார்த்தே சொன்னார். சைத்தூன் பீவியின் கீரை ஆய்கிற கை நின்றது. அனீஸா டம்ளரை மெல்லத் தரையில் வைத்தாள்.

மர்யம்தான் முதலில் பேசினாள். "எந்த நம்பர்?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணுதான். நம்ம பைப் வேற எந்த நம்பரா இருக்கும்?"

மர்யம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். செம்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

"ஐயா," என்றாள் கொஞ்சம் சமாளித்துக்கொண்டு, "ஒண்ணு வெறும் தண்ணி. எந்தப் பைப்புலயும் ஊறாதது. இந்தத் தண்ணியில முன்னாடியே என்ன இருந்துச்சுன்னு தெரியணும்ல, அதுக்கு வச்சது. ரெண்டு இரும்பு. மூணு கறுப்பு. உங்க பைப் நாலு."

"நாலா?"

"நாலு."

"கடைசியா?"

"அத்தா," என்றாள் மர்யம்.

மீரா உசேன் சுவரைப் பிடித்துக்கொண்டார். அல்ஹம்துலில்லா என்று மூன்று முறை சொன்னார். நாலாவதைச் சொல்ல மூச்சு வரவில்லை. மகள் குடித்தது வீட்டுத் தண்ணீர். பாதி வீட்டுத் தண்ணீர், பாதி ஜம்ஜம். உலகத்தில் எந்தக் கர்ப்பிணிக்கு இது கிடைக்கும்?

"அப்போ அல்லா பிச்சை மாமா முட்டி?" என்றாள் அனீஸா.

"கலந்தாலும் ஜம்ஜம் ஜம்ஜம்தான்," என்றார் சைத்தூன் பீவி. "முட்டிக்கு ஒண்ணும் கேடு வராது. உங்கத்தா புத்திக்குத்தான் யாராவது ஓதி ஊதணும். ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்து மூணு மாசம் ஆகல. தண்ணித் திருட்டு."

அவர் எல்லாவற்றையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். இந்த மாதிரி ஆறுதலில் எவ்வளவு திட்டினாலும் இனிப்பாகத்தான் இருக்கும். திட்டு ஓய்ந்ததும் நெஞ்சு பழையபடி நிமிரத் தொடங்கியது.

"என்ன ஆயிடுச்சு இப்போ? வீட்டுத் தண்ணி. வீட்டுக்குள்ள ஓடுறது நம்ம பைப். நம்ம பைப் வழியா வந்த தண்ணியை நம்ம புள்ள குடிச்சிருக்கு."

மர்யம் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை.

"அதான் அத்தா," என்றாள். "ஒண்ணாம் நம்பரை நான் வேணும்னேதான் அடுப்படிக் குழாயில பிடிச்சேன். அக்கா நாலு மாசமா அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறா. உங்க பைப்புலேருந்து காரீயம் வருதுன்னா அவ உடம்புல இந்நேரம் போயிருக்கும். யார்கிட்டயும் சொல்லாம, லேப்ல வர்ற அந்த ஒரு நம்பருக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க கொட்டுனது அதைத்தான்."

"பழைய பைப்னா அவ்வளவா கரையாது," என்றாள் செம்மொழி மெதுவாக. ஆனால் அவளும் அனீஸாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மீரா உசேன் நாற்காலியில் உட்கார்ந்தார். வயசு அறுபது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஒரு டம்ளர் தண்ணீருக்காக டி.வி.எஸ்.ஸை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நாலு மாதம், தினமும் எட்டு டம்ளர். அந்தப் பைப்பை ஷார்ஜாவிலிருந்து கடிதம் எழுதி, கம்பெனி பெயர் சொல்லி, கலர் சொல்லி, போட வைத்தவர் அவர். அனீஸா வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். மாங்காய்க் கீற்று உப்புத் தட்டில் கிடந்தது.

சைத்தூன் பீவி கீரைக் காம்பை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"அது அந்தப் பைப் இல்ல," என்றார்.

"எது இல்ல?"

"அடுப்படிக்கு வர்றது. குளிக்கிற அறைக்கு வர்றது. எல்லாம்தான். தொண்ணூத்தேழு கோடையில வயக்காடு வெடிச்ச மாதிரி நம்ம மனையும் பாளம் பாளமா வெடிச்சுதுல்ல? சுவத்துலேருந்து இறங்கித் தரைக்குள்ள போற இடத்துல உங்க பைப் நாலு எடத்துல ஒடிஞ்சுபோச்சு. கூடத்துல முழங்கால் தண்ணி. ரெண்டு தடவை ஒட்ட வச்சேன். மூணாவது தடவை காத்தானைக் கூப்பிட்டு, கொல்லைப் பக்கமா புதுசாக் குழி வெட்டி, வேற பைப் போட்டுட்டேன்."

"என்ன பைப்?"

"கறுப்பு. செல்லதுரை கடையில."

மீரா உசேன் கொல்லைக் கதவு வழியே எட்டிப் பார்த்தார்.

"கொல்லையில சுவத்தோரமா ஒண்ணு ஓடுதே..." என்றார் மீரா உசேன்.

"அதான்."

"அது தென்னைக்குத் தண்ணி விடுற ஹோஸுன்னு சொன்னியே."

"நீங்கதான் சொன்னீங்க. நான் ஆமான்னேன்."

"ஆறு வருஷம். ஒரு லெட்டர்ல எழுதல."

"பைப் எப்படி இருக்குன்னு லெட்டருக்கு லெட்டர் கேட்டீங்க. நல்லா இருக்குன்னு எழுதினேன். சுவத்துல நல்லாத்தான் இருந்துச்சு."

மர்யம் செம்மொழியைப் பார்த்தாள். செம்மொழி ஏற்கெனவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "கறுப்புக்கு அந்தக் காரீயம் தேவையே இல்ல. நிறம்கூட வெறும் கரித்தூள்தான். நாலு மாசம் இல்ல, நாப்பது வருஷம் குடிச்சாலும் அந்தப் பயம் கிடையாது."

அனீஸா அழத் தொடங்கினாள். அழுகை நடுவிலேயே சிரிப்பாக மாறி, சிரிப்பு விக்கலாகி, சைத்தூன் பீவி எழுந்து போய் அடுப்படிக் குழாயிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தார். மர்யம் அக்கா தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மீரா உசேன் அந்த டம்ளர் காலியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். செல்லதுரை கடை எருமை வால் வழியாக வந்த தண்ணீர். அல்லாஹ் செல்லதுரைக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும் என்று அவர் மனசுக்குள் கேட்டார். கேட்டுவிட்டு, இதைச் செல்லதுரைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளவும் கேட்டார்.

"எங்கப்பாவா குழி வெட்டினாரு?" என்றாள் செம்மொழி.

"உங்கப்பாதான். வெளியில சொல்லாதீங்க, அவங்க மனசு நோகும்னேன். சரிம்மான்னாரு."

"எங்கிட்டகூடச் சொல்லல. அன்னைக்கு ஐயா எனக்கு அரை மணி நேரம் பைப் பத்திச் சொன்னதை வீட்ல போய்ச் சொன்னேன். ஒண்ணும் பேசாம எழுந்து வெளியில போயிட்டாரு."

"சிரிக்கத்தான் போயிருப்பாரு," என்றார் சைத்தூன் பீவி.

ஒன்றாம் நம்பரிலிருந்த ஜம்ஜமைப் பழைய பாட்டிலுக்கே ஊற்றினார்கள். மர்யம் பாட்டிலை மூன்று முறை அலசி, அடுப்படிக் குழாயில் புதிதாகப் பிடித்து, நேரத்தையும் தேதியையும் எழுதினாள். என்ன நடந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிச் செம்மொழியிடம் கொடுத்தாள். மீரா உசேன் அதைப் படிக்கக் கேட்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள்; அல்ஹாஜ் இல்லாமல் போட்டார்.

நாலு பாட்டிலும் பெட்டிக்குள் போயின. ஸ்கூட்டி வரை அவர் கூடவே போனார்.

"நாலாம் நம்பர் எப்போ தெரியும்?"

"வியாழக்கிழமை, ஐயா."

"வந்தா எங்கிட்ட மறைக்காமச் சொல்லணும்." அவர் வேலிக் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பின்னால் நின்ற மர்யம் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மதரஸாவுல குடிதண்ணித் தொட்டிக்கு போன வருஷம் நான்தான் பைப் போட்டுக் கொடுத்தேன். புது பைப். தொட்டியில என் பேருகூட எழுதியிருக்கு. நூத்திப் பத்து புள்ளைங்க குடிக்குது. அங்கயும் ஒரு பாட்டில் பிடிக்கணும்மா."

மர்யம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "அசர் தொழுகைக்கு முன்னாடி போகலாம் அத்தா," என்றாள். "அதுவரைக்கும் அந்தக் குழாயைப் பூட்டச் சொல்லுங்க."

"என்ன காரணம் சொல்றது?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

ஸ்கூட்டி தெரு முனையில் திரும்பியபோது, எதிரே கீழ்வேளூர்க்காரர் வந்துகொண்டிருந்தார். மெதுவாக, சாப்பிட்டுவிட்டு, சொன்னபடியே. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேரே முகப்புச் சுவரிடம் போனார். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் சாம்பல் பைப்பைக் கீழிருந்து மேலே அண்ணாந்து பார்த்தார். இணைப்பு ஒவ்வொன்றாகத் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார், நல்ல கணீரென்ற சத்தம் வந்தது.

"நீங்க சொன்னது நெசந்தாங்க," என்றார். "ஏழு வருஷத்துப் பைப், ஒரு சொட்டு ஒழுகல."

மீரா உசேன் வேலிக் கதவைச் சாத்தினார்.

அதில் ஆறு வருஷமாகத் தண்ணீர் கிடையாது.